உங்களுக்குத் தெரியுமா? – வயலாக்கப்பட்ட ஹூலா ஏரி

● இஸ்ரேலின் வடகோடியில், ஜோர்டான் ஆற்றின் பாதையில் இருந்த சிறிய நன்னீர் ஏரி ஹூலா. பரப்பளவு சுமார் 13 சதுர கிலோமீட்டர். கோடையில் ஆழம் ஒன்றரை மீட்டர்தான். ஏரிக்கு வடக்கே பெரிய சதுப்பு. அதில் ஆளுயரத்தையும் தாண்டி வளர்ந்து நின்றது பாப்பிரஸ் கோரை.

● அந்தச் சதுப்பை நம்பி மக்கள் வாழ்ந்தார்கள். கவாரினா எனப்பட்ட அரபு மக்கள் எருமை வளர்த்தார்கள், மீன் பிடித்தார்கள், பாப்பிரஸ் கோரையை அறுத்துப் பாய் முடைந்து விற்றார்கள். மலேரியா அவர்களை ஓயாமல் வாட்டியது. 1948 அரபு-இஸ்ரேல் போரின்போது அவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணை விட்டே பெயர நேர்ந்தது.

● ஏரியை வற்றவைக்கும் எண்ணம் புதிதல்ல. சதுப்பை விளைநிலமாக்கும் உரிமையை 1914-லேயே ஒட்டோமான் அரசு பெய்ரூட் வணிகர்களுக்கு வழங்கியிருந்தது. 1934-ல் அந்த உரிமை யூத நிறுவனம் ஒன்றின் கைக்கு வந்தது. வேலை தொடங்கியது 1951-ல், முடிந்தது 1958-ல். யூத தேசிய நிதியம் என்ற அமைப்பு இதை நடத்தியது.

● தண்ணீரை எப்படி வெளியேற்றினார்கள்? ஏரிக்குத் தெற்கே ஆற்றை ஆழப்படுத்தி அகலப்படுத்தினார்கள். பள்ளத்தாக்கின் ஓரங்களில் இரண்டு கால்வாய்கள் வெட்டி, வடக்கிலிருந்து வரும் ஆற்று நீர் சதுப்புக்குள் புகாமல் திருப்பிவிட்டார்கள். மலேரியாவை ஒழிப்பதும் நோக்கங்களில் ஒன்று. ஆனால் வேலை தொடங்கும் முன்பே டிடிடி என்ற கொசுமருந்து அந்த நோயைப் பெருமளவு அடக்கிவிட்டிருந்தது!

● நீர் வடிந்த இடத்தில் பொன் விளையும் என்று நம்பினார்கள். சதுப்பின் அடியில் இருந்ததோ, பல்லாயிரம் ஆண்டுகளாகக் கோரையும் நாணலும் மக்கிப் படிந்த கருமண். நீருக்குள் இருந்தவரை அது பத்திரமாக இருந்தது. காற்றுப் பட்டதும் சிதையத் தொடங்கியது. நிலமட்டம் ஆண்டுதோறும் தாழ்ந்தது. காய்ந்த மண் தானே தீப்பற்றி நிலத்துக்கடியில் கனன்றது. கருந்தூசி கிளம்பிப் பயிர்களைப் பாழாக்கியது. வயல் எலிகள் பெருகின. விவசாயிகள் பல வயல்களைக் கைவிட்டார்கள்.

● கேடு அந்தப் பள்ளத்தாக்கோடு நிற்கவில்லை. ஆற்றோடு வரும் வண்டலையும் சத்துகளையும் முன்பெல்லாம் சதுப்பே வடிகட்டி வைத்துக்கொண்டது. அது போனதும், சிதைந்த மண்ணிலிருந்து வெளிப்பட்ட நைட்ரேட் நேராகக் கீழே ஓடி, அப்போது நாட்டின் முக்கியக் குடிநீர் ஆதாரமாக இருந்த கலிலேயக் கடல் என்னும் நன்னீர் ஏரியை அடைந்தது.

● வேறெங்கும் இல்லாத மீன் இனங்கள் ஹூலாவில் இருந்தன. அவற்றில் ஒன்று ‘அகாந்தோபிராமா ஹூலென்சிஸ்’. ஏரியோடு அதுவும் அழிந்தது.

● உயிரியலாளர்கள் அப்போதே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தின் சூட்டில் 1953-ல் பிறந்ததுதான் இஸ்ரேல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். சதுப்பில் ஒரு துண்டு காப்பாற்றப்பட்டு, 1964-ல் அந்நாட்டின் முதல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

● ஹூலா வண்ணத் தவளையின் கதை இன்னும் வியப்பானது. 1940-ல் கண்டறியப்பட்டது. 1955-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 1996-ல் அழிந்துபோன இனம் என்று அறிவித்தார்கள். 2011-ல் காப்பகத்தின் ஈரப் புதரில் ஒரு வனக்காவலர் கண்ணில் பட்டது, உயிரோடு! ஆராய்ந்து பார்த்தால், அது ‘லடோனியா’ என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினத்தை அதுவரை புதைபடிவங்களில் மட்டுமே அறிந்திருந்தார்கள். தப்பிய அந்தத் துண்டுச் சதுப்பு இல்லையென்றால் இந்தத் தவளை மீண்டும் கண்ணில் படாமலே போயிருக்கலாம்.

● தவறை உணர்ந்தவர்கள், பயிர் விளையாத தாழ்நிலத்தில் 1994-ல் மீண்டும் நீரைத் தேக்கினார்கள். அப்படி உருவான அகமோன் ஏரியின் பரப்பு சுமார் ஒரு சதுர கிலோமீட்டர்தான். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே வலசை போகும் கோடிக்கணக்கான பறவைகளின் வழியில் அது இருக்கிறது. குளிர்காலத்தில் பல்லாயிரம் பெருங்கொக்குகளும், வலசைக் காலத்தில் கூழைக்கடாக்களும் வந்து இறங்குகின்றன. கொக்குகள் வயலில் விதையைத் தின்றுவிடாமல் இருக்க, ஏரிக்கருகே மக்காச்சோளம் தூவும் முறையையும் கொண்டுவந்தார்கள்.

● ஏழே ஆண்டுகளில் வற்றவைத்த ஏரியில், முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் திரும்பக் கிடைத்தது பத்தில் ஒரு பங்கும் இல்லை. அழிந்த மீன் திரும்பவே இல்லை. சதுப்பு என்பது வீணாகக் கிடக்கும் நிலமல்ல. மண்ணைக் காத்து, நீரை வடிகட்டி, உயிர்களைத் தாங்கும் நிலம். ஒரு நீர்நிலையை வயலாகவோ மனையாகவோ மாற்றலாம் என்று யார் சொன்னாலும், அது இப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.