பேரப்பிள்ளையின் சிகிச்சைச் செலவும் வருமான வரிக் கழிவும்

தலசீமியா, ஹீமோஃபிலியா போன்ற குருதி நோய்களுக்குச் சிகிச்சை பெறும் சிறார் பலரை மருத்துவமனைக்கு அழைத்து வருவோர் தாத்தாவும் பாட்டியும்தான். தம் ஓய்வூதியத்திலிருந்தே கட்டணம் செலுத்துவோரும் உண்டு. நிதியாண்டு முடியும் வேளையில் அவர்கள் கேட்பது இது: "பேரனுக்குச் செலவிட்ட தொகைக்கு என் வருமான வரியில் கழிவு உண்டா?"

2025-26 நிதியாண்டு வருமானத்துக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவு, குறிப்பிட்ட சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு அளிக்கிறது. புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, ஹீமோஃபிலியா, தலசீமியா ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. உச்சவரம்பு ரூ.40,000, நோயாளி மூத்த குடிமகனாயின் ரூ.1,00,000. காப்பீட்டிலிருந்து கிடைத்த தொகை இதில் கழிக்கப்படும். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்க்கே இச்சலுகை உண்டு.

சார்ந்திருப்போர் யார் என்பதையும் சட்டம் வரையறுத்துள்ளது: வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர். பேரப்பிள்ளைகள் இதில் இல்லை. முழுச் செலவையும் தாத்தாவே ஏற்றாலும் அவர் தம் பெயரில் கழிவு கோர இயலாது. மாற்றுத்திறன் கொண்டோரைப் பராமரிப்பதற்கான 80டிடி பிரிவிலும் இதே வரையறைதான். இந்து கூட்டுக் குடும்பம் தனி வரிதாரராகக் கணக்குக் காட்டுமாயின், அதைச் சார்ந்து வாழும் உறுப்பினர் எவருக்காகவும் அக்குடும்பம் கோரலாம். பேரப்பிள்ளை உறுப்பினராயின் அவரும் அடங்குவார்.

மற்றவர்களுக்கும் நேரிய வழி உண்டு. குழந்தையின் தந்தையோ தாயோ வரி செலுத்துபவராயின், கட்டணத்தை அவரே செலுத்திக் கழிவு கோரலாம். தாத்தா உதவ விரும்பினால் தம் மகனுக்கோ மகளுக்கோ வங்கி வழியாகப் பணம் அளிக்கலாம். பெற்றோர் பிள்ளைக்கு அளிக்கும் அன்பளிப்புக்கு, பெறுபவர் வரி செலுத்த வேண்டியதில்லை. ஆகவே, ரசீது யார் பெயரில் அமைய வேண்டும் என்பதைப் பணம் செலுத்துமுன்பே முடிவு செய்யுங்கள்.

கழிவு கோருவதற்குச் சிறப்பு மருத்துவரின் மருந்துச்சீட்டு இன்றியமையாதது. குருதி நோய்களுக்கு அதை வழங்குபவர் குருதியியலில் டி.எம். அல்லது இணையான பட்டம் பெற்றவராக இருத்தல் வேண்டும். நோயாளியின் பெயர், வயது, நோயின் பெயர், மருத்துவரின் பெயர், முகவரி, பதிவு எண், கல்வித்தகுதி ஆகியவை அதில் உள்ளனவா எனச் சரிபார்த்து, ரசீதுகளுடன் பாதுகாத்து வையுங்கள். ஐயம் எழுந்தால் வரி ஆலோசகரை அணுகுங்கள்.

ஒரு மருத்துவராக நான் வலியுறுத்துவது ஒன்றே. வரிக் கணக்கு எவ்வாறு அமைந்தாலும், குழந்தைக்குக் குறித்த நாளில் குருதி ஏற்றுவதை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள்.