கலைமான் ஊர்விட்டு ஊர் போவது ஏன்?



கலையும் பிணையும் குட்டியும் ஒரு குடும்பமாக நிற்பதுபோல் நாள்காட்டிப் படங்களில் பார்த்திருப்பீர்கள். செம்மான் இனத்தில் அப்படிப்பட்ட குடும்பம் கிடையாது. ஆண்டில் பெரும்பகுதி ஆண்கள் ஓரிடம், பெண்கள் வேறிடம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ரம் என்றொரு தீவு உண்டு. பெயரைக் கேட்டுப் புட்டியை நினைக்க வேண்டாம்; அங்கே நிறைய இருப்பது மழையும் புல்லும்தான். அத்தீவின் வடபகுதியில் வாழும் செம்மான்களை ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, பிறப்பு முதல் இறப்பு வரை 1970களிலிருந்து குறித்து வருகிறார்கள்.

பிணைமான் தன் தாய் மேய்ந்த இடத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை. தாயும் மகளும் பேத்தியும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருப்பதைப் போலத்தான். ஆண் குட்டியோ இரண்டு மூன்று வயதில் பிரிந்துபோய், மற்ற ஆண்களோடு சேர்ந்து மேயும்.

செப்டம்பர் கடைசியில் நிலைமை மாறுகிறது. பகல் குறையக் குறைய, கலையின் உடலில் ஆண்மைச் சுரப்பு பெருகுகிறது. கழுத்து தடிக்கிறது. நேற்று வரை கூடி மேய்ந்தவை இன்று முறைத்துக்கொள்கின்றன. நல்ல மேய்ச்சலைக் கைவிட்டு, பிணைகள் கூடும் புல்வெளியை நோக்கி ஒவ்வொன்றும் தனியே புறப்படுகிறது. பெரும்பாலும் சென்ற ஆண்டு போன அதே இடத்துக்குத்தான்!

அங்கே இரவு பகலாக உறுமல். எதிரி வந்தால் உடனே முட்டுவதில்லை. முதலில் இரண்டும் மாறி மாறி உறுமும். பிறகு பக்கம் பக்கமாக நடந்து ஒன்றையொன்று அளந்து பார்க்கும். பாதிச் சண்டை இதிலேயே முடிந்துவிடும். இளைத்தது விலகிப் போகும். இரண்டும் சமபலமானால்தான் கொம்போடு கொம்பு கோத்துத் தள்ளும். கண் போவதும் கால் முறிவதும் அப்போதுதான்.

இந்த வாரங்களில் கலை சரியாக மேய்வதில்லை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கரைந்துவிடும். அக்டோபர் முடிந்து பழைய இடத்துக்குத் திரும்பும்போது எலும்பும் தோலுமாக இருக்கும். குளிர்காலமோ வாசலில் நிற்கிறது. அதைத் தாண்டாமல் மடிபவையும் உண்டு.

இவ்வளவு பாடு எதற்கு? பிறந்த இடத்திலேயே தங்கினால் தாய்வழி உறவோடுதான் கூட வேண்டிவரும். நெருங்கிய உறவில் பிறந்த குட்டிகள் பிழைப்பது குறைவு என்று ரம் தீவுக் கணக்கே காட்டியிருக்கிறது.

நம் காட்டில் ரூசா என்கிறோமே, அந்தக் கடமானுக்கு இப்படி ஒரே பருவம் இல்லை. இங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். ஆகவே ஒரு கலை முற்றிய கொம்போடு திரியும்போது, இன்னொன்று கொம்பு உதிர்த்து மொட்டைத் தலையோடு நிற்கும்.