இருக்கையிற் பிறக்கும் வெப்பமும் இணைப்பிற் பிறக்கும் வெப்பமும்

மின்னோட்டஞ் செல்லும் கடத்தியில் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் கடத்தியின் தடைக்கும் விகிதசமமாகும். இவ்விதியை யூல் என்னும் ஆங்கிலப் பௌதிக அறிஞர் 1841ஆம் ஆண்டில் வெளியிட்டார். குளிர்நாடுகளில் மோட்டார் வண்டியின் இருக்கைகளைச் சூடாக்குதற்கு இவ்விதியே துணைபுரிகின்றது. 1966ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகளில் மேலதிக விலைக்கு வழங்கப்பட்ட இவ்வசதி, இன்று பின்னிருக்கைகளிலும் அமைக்கப்படுகின்றது.

இருக்கையுறையின் கீழே தடைக்கம்பியும், வெப்பமேறத் தடை குறையும் இயல்புடைய சிறிய உணரியொன்றும் உள்ளன. ஆதலின், இருக்கையின் அடியிலுள்ள இணைப்பியிற் பொதுவாக இருவகைக் கம்பிகள் வந்து சேரும். தடித்தவை வெப்பத்துக்கான ஓட்டத்தைக் கொணர்வன; மெல்லியவை உணரியின் நிலையைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அறிவிப்பன. கம்பிகளின் நிறமும் ஒழுங்கும் வண்டிக்கு வண்டி வேறுபடும். எனவே, அவ்வண்டிக்குரிய மின்சுற்றுப் படத்தைப் பாராது நிறத்தை மட்டும் நம்பி இணைத்தல் தவறாகும். மஞ்சள் நிற இணைப்பி காணப்படின், அது பெரும்பாலும் விபத்துக்காப்புக் காற்றுப்பைக்குரியது; அதனைத் தீண்டலாகாது.

இனி ஓர் உதாரணத்தை நோக்குவோம். தடைக்கம்பியின் தடை 2 ஓம், மின்னழுத்தம் 12 வோல்ற்று எனின், ஓட்டம் 6 அம்பியர். பிறக்கும் வெப்பம் 72 உவாற்று. வண்டியின் அதிர்வினாலும் ஈரத்தினாலும் இணைமுனையொன்று கறைபட்டு, அங்கே 0.2 ஓம் தடை தோன்றியதெனக் கொள்வோம். ஓட்டம் ஏறத்தாழ 5.45 அம்பியராகக் குறையும். இருக்கையின் வெப்பமும் சற்றே குறையும். ஆயின், அச்சிறு முனையில் மட்டும் ஏறத்தாழ 6 உவாற்று வெப்பம் பிறக்கும். அகன்ற இருக்கையில் இதமளிக்கும் வெப்பம், ஊசியளவான முனையிற் செறியுங்கால் பிளாத்திக்கு உறையை உருக்கவல்லது.

உருகி இதனைத் தடுக்காதோ எனச் சிலர் வினவலாம். தடுக்காது. உருகி மிகையான ஓட்டத்துக்கே உருகும். ஈண்டு ஓட்டம் மிகவில்லை, குறைந்துள்ளது. உருகி எரியவில்லையாதலாற் பழுதில்லையென எண்ணுதல் பேதைமையாம்.

இருக்கையை இயக்கியபடியே இணைப்பியின் இருபுறத்துக்குமிடையே மின்னழுத்தத்தை அளத்தல் நன்று. மேற்காட்டிய உதாரணத்தில் அது ஏறத்தாழ 1.1 வோல்ற்றைக் காட்டும். நல்ல இணைப்பியிலோ அது மிகச் சிறிதாகவே இருக்கும். பழுதுற்ற முனையைப் புதுப்பிக்காது பெரிய உருகியை இடுவோர், நோயை விடுத்துக் காவலாளியை அகற்றியவராவர்.