மரண தண்டனைக் கைதி டூ சபாநாயகர்... யார் இந்த சுவிஸ் டாக்டர் ஸ்டைகர்?

1845, ஜூன் மாதத்து ராத்திரி. சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரச் சிறையிலிருந்து ஒரு மரண தண்டனைக் கைதி தப்பிக்கிறார். தப்ப வைத்தது யார் தெரியுமா? அவரைக் காவல் காக்க வேண்டிய காவலர்கள் மூன்று பேர்! அவர்களும் அவரோடு சேர்ந்து சூரிச்சுக்கு ஓடிவிட்டார்கள். நான்கு வருஷம்கூட ஆகவில்லை, அதே கைதி புதிய சுவிஸ் நாடாளுமன்றத்தின் சபாநாயகர் நாற்காலியில்!

அவர்தான் யாக்கோப் ராபர்ட் ஸ்டைகர். 1801-ல் லூசர்ன் மாகாண கிராமம் ஒன்றில் பிறந்தவர். படிச்சது மருத்துவம்.

டாக்டருக்கு அரசியலில் என்ன வேலை?

இன்றைக்கு நாம் பார்க்கும் சுவிட்சர்லாந்து அப்போது இல்லை. 22 மாகாணங்கள் ஓர் ஒப்பந்தத்தால் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவரவருக்குத் தனிப் படை, தனிக் காசு, எல்லையில் சுங்கம். 1830-ல் பாரிஸில் புரட்சி வெடித்ததும் அந்தக் காற்று இங்கேயும் அடித்தது. மக்களாட்சி, பத்திரிகைச் சுதந்திரம், அரசு நடத்தும் பள்ளிகள் இதெல்லாம் வேண்டும் என்று லிபரல்கள் கிளம்பினார்கள். லூசர்னில் அவர்களின் முன்வரிசையில் நின்றவர் ஸ்டைகர்.

ஆனா 1841-ல் காற்று திசை மாறியது. பழைமைவாதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். 1844-ல் குருமாணவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பை இயேசு சபையிடம் கொடுத்தார்கள். (சென்னை லயோலா கல்லூரியை நடத்தும் அதே சபைதான்.) கல்வி மறுபடி மதகுருமார் கைக்குப் போகிறது என்று லிபரல்கள் கொதித்தார்கள். இதை வெறும் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் சண்டை என்று சொல்லிவிட முடியாது. லூசர்ன் லிபரல்களில் பலரும் கத்தோலிக்கர்களே.

மரண தண்டனை எதற்கு?

1845 மார்ச் 31. சுமார் 3,500 பேர் துப்பாக்கியோடு லூசர்னைப் பிடிக்கக் கிளம்பினார்கள். எந்த அரசின் படையும் இல்லை, எல்லாம் தன்னார்வலர்கள். தலைமை தாங்கியவர் உல்ரிச் ஓக்சன்பைன் என்ற பெர்ன் வக்கீல். நகரத்தின் வாசல் வரை வந்தாச்சு. ஆனால் இருட்டிவிட்டது, தயங்கி நின்றார்கள். அந்தத் தயக்கமே எல்லாவற்றையும் கெடுத்தது. இரவோடு இரவாகப் படை சிதறியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பலி, சுமார் 1,800 பேர் கைது.

வெளி மாகாணத்துக் கைதிகளுக்கு அவரவர் மாகாணம் பணம் கட்டி மீட்டுக்கொண்டது. ஸ்டைகர் கதை வேறு. அவர் லூசர்ன்காரர், சொந்த அரசுக்கு எதிராகவே படையோடு வந்தவர். அது ராஜத்துரோகம். அதனால்தான் மரண தண்டனை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் கவிழ்க்கப் போனது மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சியை. ஜனநாயகம் கேட்டவர்களே துப்பாக்கி எடுத்தார்கள் என்ற கறை அந்தப் படையெடுப்பின் மேல் இருக்கத்தான் செய்கிறது.

அப்புறம் எப்படி சபாநாயகர்?

சூரிச் அவரை ஹீரோவாக வரவேற்றது. ஆனால் ஊருக்குத் திரும்ப வழியில்லை. அதே 1845 டிசம்பரில் லூசர்ன் உட்பட 7 கத்தோலிக்க மாகாணங்கள் 'சோண்டர்பண்ட்' என்ற தனிக் கூட்டணியை அமைத்தன. 1847 நவம்பரில் உள்நாட்டுப் போர். மற்ற மாகாணங்களின் படைக்கு ஜெனரல் டுஃபூர் தலைமை. காயம்பட்ட எதிரியையும் கவனிக்கச் சொன்ன மனுஷன் அவர். ஒரு மாதத்துக்குள் போர் முடிந்தது, இரண்டு பக்கமும் சேர்த்தே பலி சுமார் நூறுதான்.

லூசர்ன் சரணடைந்ததும் ஸ்டைகர் ஊர் திரும்பி ஆட்சியில் அமர்ந்தார். 1848 செப்டம்பரில் புதிய அரசியல் சாசனம் வந்தது. நாடாளுமன்றத்தின் தேசிய சபைக்கு முதலில் சில நாட்கள் தலைவராக இருந்தவர் அதே ஓக்சன்பைன். அவருக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஸ்டைகர். ஒரு காலத்தில் தேடப்பட்ட இருவர், அடுத்தடுத்து சபைக்குத் தலைவர்கள்!

அந்தச் சாசனம் இயேசு சபைக்குத் தடையும் போட்டது. அது நீங்கியது 1973-ல், அதுவும் மக்கள் வாக்கெடுப்பில்தான்.

அரசியலுக்கு நடுவே ஸ்டைகருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது: செடிகொடிகள். லூசர்ன் பகுதியிலும் ரிகி, பிலாட்டுஸ் மலைகளிலும் வளரும் தாவரங்கள் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1860-ல் வெளியானது. இரண்டு வருஷம் கழித்து லூசர்னிலேயே காலமானார்.