கடல் கொண்ட குருபுத்திரனும் கரை சேராத ‘விஜ்லி’யும்

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான துவாரகையில், கோமதி நதிக்கரையிலிருந்து 56 படிகள் ஏறித் துவாரகாதீசனின் சந்நிதியை அடைகிறோம். படிகளின் மேலே நின்று திரும்பிப் பார்த்தால், கோமதி சென்று கலக்கும் அரபிக்கடல் கண்ணுக்கெட்டிய வரை விரிந்து கிடக்கும். கண்ணன் பரமபதம் எழுந்தருளிய பின் அவன் வாழ்ந்த நகரையே கடல் கொண்டது என்று மகாபாரதத்தின் மௌசல பருவம் சொல்கிறது. சேவித்து முடித்த யாத்ரிகர்கள் கடலை நோக்கியும் கை கூப்பிவிட்டு, போர்பந்தர், சோமநாதம் என்று கரையோரச் சாலையில் புறப்பட்டு விடுவார்கள். அந்தக் கரையை ஒட்டிய கடலில்தான், 1888-ஆம் ஆண்டில் ஒரு முழுக் கப்பல் சுவடின்றி மறைந்தது.

கப்பலின் பெயர் ‘வைதர்ணா’. பம்பாய்க்கு வடக்கே ஓடும் ஓர் ஆற்றின் பெயர் அது. கருட புராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் யமபுரிக்கு முன்னுள்ள வைதரணியே நினைவுக்கு வரும். பெயர் சூட்டிய ஆங்கிலேயர்களுக்கோ அது வெறும் ஆறு. ஆனால் குஜராத்து மக்கள் யாரும் அந்தப் பெயரை நாவால் சொல்லவில்லை. கப்பலில் மின்விளக்குகள் எரிந்தன. அக்காலத்தில் அது பெரும் அதிசயம். ஆகவே ‘விஜ்லி’, அதாவது மின்னல், என்றே அழைத்தார்கள். ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பல், கச்சு நாட்டின் மாண்டவி துறைமுகத்திலிருந்து பம்பாய்க்குப் பயணிகளை ஏற்றிச் சென்று கொண்டிருந்தது. அதன் தலைவர் ஹாஜி காசம்.

நவம்பர் 8, வியாழக்கிழமை. தீபாவளி கழிந்த ஐந்தாம் நாள். குஜராத்து வணிகர்கள் புதுக்கணக்குத் தொடங்கும் லாப பஞ்சமி. நல்ல நாள் பார்த்துத்தான் பலரும் பயணம் புறப்பட்டிருப்பார்கள். திருமணத்துக்குச் செல்லும் கூட்டங்களும், பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதச் சென்ற மாணவர்களும் அதில் இருந்ததாகச் சொல்கிறார்கள். துவாரகையிலும் பயணிகள் ஏறினார்கள். கண்ணனைச் சேவித்துவிட்டு அப்படியே கப்பலேறிய அடியார்களும் அவர்களுள் இருந்திருக்கக் கூடும். கடல் கொந்தளிப்பாக இருந்தமையால் போர்பந்தரில் நிற்காமலே கப்பல் பம்பாயை நோக்கித் திரும்பியது. மாலையில் மாங்ரோல் கடற்பகுதியில் புயல் சூழ்ந்தது. மறுநாள் கப்பல் இல்லை.

எழுநூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள். நாட்டுப் பாடல்களோ ஆயிரத்து முந்நூறு பேர் என்கின்றன. தேடிச் சென்றவர்களுக்கு ஓர் உடலோ, ஒரு மரத்துண்டோ கிடைக்கவில்லை. பம்பாய் அரசு விசாரணை மன்றம் அமைத்தது. உயிர்காப்புப் படகுகளும் பாதுகாப்புச் சாதனங்களும் போதுமான அளவில் இல்லை என்பது அப்போது தெரிய வந்தது. போர்பந்தரில் இருந்த ஆங்கில அதிகாரி தடுத்தும் ஹாஜி காசம் கேளாமல் சென்றார் என்றொரு கதை பரவியது. பின்னர் ஆராய்ந்தவர்கள் அதனை ஏற்கவில்லை. இழப்பு பெரிதாக இருக்கும்போது மனம் ஒரு குற்றவாளியைத் தேடும். இறந்து போனவர் மறுமொழி சொல்ல இயலாது. ஆயினும் ஹாஜி காசத்தின் பெயரைச் சொல்லியே இன்றும் அந்தப் புலம்பல் பாடல் சௌராஷ்டிர ஊர்களில் பாடப்படுகிறது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. சௌராஷ்டிரக் கரையிலிருந்து பம்பாய் வரையுள்ள கடல் மிக ஆழமானதன்று. உலகக் கடல்களின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். இங்கோ கரையிலிருந்து வெகுதூரம் வரை நூறு மீட்டருக்கும் குறைவு. அங்கேயே ஒரு கப்பல் ஒளிந்து கொண்டுவிட்டதெனில், ஆழ்கடலைப் பற்றிக் கேட்பானேன்! அறிவியல் வளர்ந்த காலத்திலும் இது நின்றபாடில்லை. 1979 ஜூன் 30 அன்று கோவாவின் மர்மகோவா துறைமுகத்திலிருந்து இரும்புத் தாது ஏற்றிப் புறப்பட்ட கேரள மாநிலக் கப்பல் ‘கைரளி’, ஜூலை 3-க்குப் பின் எந்தச் செய்தியும் அனுப்பவில்லை. கம்பியில்லாத் தந்தி வசதி இருந்தும், அதிலிருந்த ஏறத்தாழ ஐம்பது பேரின் கதி இன்றுவரை விளங்கவில்லை.

கடலில் மகனைப் பறிகொடுத்த தாய் தந்தையரின் துயரை நம் புராணம் அறியாததன்று. அவந்தி நகரில் சாந்தீபனி முனிவரிடம் அறுபத்து நான்கு கலைகளையும் அறுபத்து நான்கு நாட்களில் கற்று முடித்தனர் பலராமனும் கண்ணனும். குருதட்சிணையாக எது வேண்டும் என்று கேட்டபோது, முனிவர் தம் மனைவியோடு கலந்து பேசுகிறார். பொன்னையோ பசுக்களையோ அவர்கள் கேட்கவில்லை. பிரபாச தீர்த்தத்துக் கடலில் மாண்டு போன தங்கள் பிள்ளையைக் கேட்டார்கள். முனிவர் தனியே முடிவு செய்யாமல் மனைவியைக் கேட்டார் என்று ஸ்ரீமத் பாகவதம் குறிப்பிடும் இடம் கவனிக்கத் தக்கது. அந்த விண்ணப்பம் தாயின் வயிற்றிலிருந்து வந்ததாகவே படுகிறது.

பிரபாசம் என்பது சோமநாதத்துக் கடற்கரை. விஜ்லி மறைந்த மாங்ரோலுக்குத் தென்கிழக்கே, அதே கரையில் உள்ளது. கண்ணன் அங்கே வந்து நின்றதும் கடலரசன் பூசைப் பொருள்களோடு எதிர்வந்து பணிகிறான். “நான் எடுத்துச் செல்லவில்லை, சங்கு வடிவில் நீருக்குள் உலவும் பஞ்சஜனன் என்னும் அசுரன் கொண்டு போனான்” என்று உரைக்கிறான். கண்ணன் கடலுள் புகுந்து அசுரனைக் கொன்றான். அவன் வயிற்றில் குழந்தை இல்லை. கையில் எஞ்சியது சங்கு மட்டுமே. அதனை எடுத்துக்கொண்டு யமனுடைய ஸம்யமனீ நகருக்குச் சென்று, வாயிலில் நின்று ஊதினான். யமதருமன் ஓடிவந்து வணங்கிப் பாலகனை ஒப்படைத்தான். அன்று கடலில் கிடைத்த சங்கே பாஞ்சசன்யம். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் பத்துப் பாசுரங்களால் விளித்துப் பாடியது அந்தச் சங்கைத்தான்.

எல்லாத் தாயருக்கும் பிள்ளை திரும்பி வருவதில்லை. உடல் கிடைக்காத வீட்டில் விளக்கேற்றவும் முடியாது, அணைக்கவும் முடியாது. வருவானோ என்று வாசலைப் பார்த்தபடியே வயது போய்விடும். இதனை உணர்ந்துதான் தர்ம சாத்திரங்கள் வழி வகுத்தன போலும். சென்றவர் செய்தியின்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தால், பலாசத்தாலும் தர்ப்பையாலும் ஓர் உருவம் செய்து அதற்கு ஈமக்கடன் ஆற்றலாம் என்னும் மரபு உள்ளது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் ஏழாண்டு என வரையறுத்தது. சொத்து வழக்குக்கு ஏழாண்டு போதும். பெற்ற மனத்துக்குப் பன்னிரண்டும் போதுமோ, அறியேன். அமாவாசைத் தர்ப்பணத்தின் முடிவில், தமக்கென யாருமில்லாமல் போனவர்களுக்கும் ஒரு கை நீர் விடுகிறோமே, அதில் இத்தகையவர்களும் பங்கு பெறுகிறார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

துவாரகையிலிருந்து போர்பந்தர் செல்லும் வழியில், மியாணிக்கு அருகே கடலோரமாகக் கோய்லா மலை நிற்கிறது. அங்கே கோயில் கொண்டிருப்பவள் ஹர்சித்தி மாதா. மக்கள் ஹர்ஷத் மாதா என்பார்கள். முன்னாளில் அன்னை மலையுச்சியில் கடலை நோக்கி வீற்றிருந்தாள். அவள் பார்வை பட்ட கப்பல்கள் மூழ்கின என்பது தல வரலாறு. கச்சு நாட்டு வணிகர் ஜகடு ஷா தம் கப்பல்களை இழந்து, மலையிறங்கி வரும்படி அன்னையை வேண்டினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பலி தந்தால் வருவேன் என்றாள் அவள். கடைசிப் படிகளுக்குப் பலி குறையவே, தம்மையும் தம் குடும்பத்தையுமே தர முன்வந்தார். மனம் குளிர்ந்த அன்னை அனைவரையும் உயிரோடு மீட்டருளி, அடிவாரத்தில் அமர்ந்தாள். உச்சியில் பழைய கோயிலும் அடிவாரத்தில் வழிபாட்டுக் கோயிலும் இன்றும் உள்ளன. யாத்திரை செல்வோர் வண்டியைச் சற்றே நிறுத்தி வணங்கிச் செல்லலாம். மேலே ஏற இயலாத முதியவர்களுக்கு அன்னை கீழேயே காட்சி தருகிறாள்.

அந்தக் கரையில் ஆவணி அவிட்டத்தை ஒட்டிய பௌர்ணமி, தேங்காய்ப் பௌர்ணமி. நாம் பூணூல் மாற்றும் அந்நாளில், அங்குள்ள கடலோடிகள் மழைக்காலச் சீற்றம் தணிந்த கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து வணங்குகிறார்கள். அதன் பின்னரே படகுகள் நீரில் இறங்கும்.