உங்களுக்குத் தெரியுமா? அணுவுக்காக அளந்த காற்று

டென்மார்க்கின் ரிசோ ஆய்வகம் 1950களில் அணு ஆராய்ச்சிக்காகத் தொடங்கப்பட்டது. கதிரியக்கம் கசிந்தால் எந்தப் பக்கம் பரவும் என்று அறிய, உயர்ந்த கோபுரம் நட்டு அங்கே காற்றை அளந்தார்கள்.

அந்த அறிவு பிறகு காற்றாலைகளுக்குக் கைகொடுத்தது!

1978இல் அங்கே காற்றாலைச் சோதனை நிலையம் அமைந்தது. 1987இல் அங்கிருந்து வெளிவந்த ‘வாஸ்ப்’ மென்பொருள், ஓரிடத்தில் அளந்த காற்றைக் கொண்டு, மேடு பள்ளங்களையும் கட்டடங்களையும் கணக்கில் எடுத்து, அக்கம்பக்கத்து இடங்களின் காற்றை மதிப்பிடுகிறது. 2007 முதல் ரிசோ, டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கம்.

காற்றை மதிப்பிட இவ்வளவு நுணுக்கம் ஏன்? காற்றின் வேகம் இரு மடங்கானால், அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகக் கணிப்பு 10 சதவீதம் பிசகினால், ஆற்றல் கணக்கு ஏறத்தாழ 30 சதவீதம் பிசகிவிடும்.

இதே பல்கலைக்கழகம் 2012 முதல் நடத்தும் ஓஸ்டரில்ட் திடலில், ராட்சதக் காற்றாலைகள் பரிசோதிக்கப்படுகின்றன.