வல்லத்துப் பிள்ளையும் 73 என்னும் எண்ணும்

கணிதம் படிக்கிறேன் என்றால், "முடித்தால் வாத்தியார் வேலைதானே?" என்பார்கள் எங்கள் அம்பத்தூர்ப் பகுதியில். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் என் தந்தையின் ஐயமும் அதுவே. வகுப்பெடுப்பது போக ஒரு கணிதப் பேராசிரியருக்கு வேறென்ன வேலை? இதற்கு விடை தேடப் போய்த்தான் எஸ். எஸ். பிள்ளை எனக்குக் கிடைத்தார்.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்தார். ஒரு வயதில் தாயை இழந்தார். பள்ளி இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். ஓர் ஆசிரியர் கைகொடுத்திராவிட்டால் படிப்பு அத்தோடு நின்றிருக்கும். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்று, 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்தராவிடம் ஆராய்ச்சி மாணவரானார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். சம்பளம் வகுப்புக்கு, பெயர் வாங்கித் தந்ததோ வேறொரு வேலை.

1770-இல் வாரிங் என்ற ஆங்கிலேயர் ஒரு கருத்தை வெளியிட்டார். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்; கனங்களானால் ஒன்பது போதும்; இப்படி ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்றார். ஆறாம் அடுக்குக்கு எத்தனை? 1, 64, 729 என்று செல்பவை ஆறாம் அடுக்கு எண்கள். கடைக்காரரிடம் இந்த மதிப்புள்ள நோட்டுகள் மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். நமக்கு 703 ரூபாய் சில்லறை தர வேண்டும். 729 உதவாது. பத்து 64 சேர்ந்தால் 640. மீதி 63-க்கு ஒன்றுகளைத்தான் எண்ண வேண்டும். ஆக, 73 நோட்டுகள்.

இதுவரை பள்ளிச் சிறுவனும் போட்டுவிடுவான். எண்களோ முடிவற்றவை; எந்த எண்ணுக்குமே 73-க்கு மேல் வேண்டாம் என்று நிறுவுவதன்றோ கடினம்! பிள்ளை அதை 1940-இல் நிறுவினார். ஏழும் அதற்கு மேலுமான அடுக்குகளில் பெரும்பகுதியை 1936-இலேயே தீர்த்திருந்தார்; அமெரிக்கரான டிக்சனும் தனியே அதே முடிவுக்கு வந்தார். சிதம்பரத்திலிருந்து அமெரிக்கா எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1941-இல் திருவிதாங்கூர், 1942-இல் கல்கத்தா என்று பணி மாறியது. பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் அழைத்தது. அங்கே புறப்பட்டவரின் விமானம் 1950 ஆகஸ்ட் 31-இல் கெய்ரோ அருகே விழுந்தது. வயது 49.

எஞ்சிய இரு அடுக்குகளில் ஐந்தாவதற்கு 37 என்று சீனரான சென் ஜிங்ருன் 1964-இல் நிறுவினார். நான்காவதற்கு 19 என்று 1986-இல் நிறுவிய மூவரில் ஒருவர் நம் ஆர். பாலசுப்பிரமணியன், மற்ற இருவர் பிரெஞ்சுக்காரர்கள். ஐந்தாம் அடுக்கில் ஆர்வமுள்ள நண்பர்கள் 223-ஐ எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஆவடியில் வண்டி ஏறினால் வில்லிவாக்கம் வருமுன் 37 வந்துவிடும்.